லயத்து வாசல் மூலிகை

மலையகத்தில் மருந்துச்செடி வளர்த்த தோட்டமென்றால் நுவரெலியாவை அடுத்த ஹக்கலவைத்தான் சொல்வார்கள். கொய்னா மருந்து தரும் சிங்கோனா மரத்துக்காக 1861இல் அரசு அமைத்தது அது. 1869இல் கண்ட இலைநோய் கோப்பியை அழிக்கவே, துரைமார் பலர் சிங்கோனாவை நட்டனர். 1880களில் பட்டை மலிந்து விலை சரிய, தேயிலைக்குத் தாவினர்.

லயத்து வாசலில் நம்மவர் போட்ட பாத்திக்குப் பெயருமில்லை, பலகையுமில்லை. இருமலுக்குக் கற்பூரவள்ளி, சளிக்குத் துளசி, துவையலுக்குப் புதினா, கான் ஓரத்து ஈரத்தில் வல்லாரை. இத்தேர்வை நான் வெறும் கைவைத்தியமாகக் கொள்வதில்லை. மண் தோட்டத்துக்குரியது, நாளைக்கே வேறு தோட்டத்துக்குப் பெயர நேரலாம். ஆகவே கிள்ளி நட்டால் பிடிப்பவையும் பழைய தகரத்தில் வளர்பவையுமே பெரும்பாலும் இடம்பெற்றன. நுவரெலியாப் பக்கத்து உறைபனியில் துளசி கருகிவிடும். அதனால் இரவில் தகரத்தை இஸ்தோப்புக்குள் எடுத்துவைப்பார்கள். தகரத்துக்கு அந்த வசதி உண்டல்லவா? கறிவேப்பிலை அப்படியன்று. அது மரமாகப் பல வருடங்கள் வேண்டும், வேரோடு தூக்கிச் செல்லவும் முடியாது.

2015க்குப் பின் வந்த தனிவீட்டுத் திட்டங்களில் வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் காணி ஒதுக்கப்பட்டது. ஹட்டன் பக்கம் அப்படி வீடு பெற்ற என் மாணவனொருவனின் தாயார், வாசலில் முதலில் வைத்தது கறிவேப்பிலைக் கன்று.