மடக்குக் கத்தியைத் துரத்திய சட்டம்

பேனாக்கத்தியின் வயது இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்குக் குறையாது. ஆஸ்திரியாவின் உப்புச் சுரங்க ஊரான ஹால்ஸ்டாட்டில் எலும்புப் பிடி போட்ட மடக்குக் கத்தியே கிடைத்திருக்கிறது. நம் பக்கம் அது எழுத்தோடு உறவாடியது. ஓலையை நறுக்கும் கத்தியும் எழுதும் ஆணியும் ஒரே பிடிக்குள் மடங்கினால் அது மடக்கெழுத்தாணி.

ஆயுதத்தை அரசாங்கம் பறிக்கத் தொடங்கிய கதையில் பட்டு நெய்யும் ஆரணிக்கும் இடமுண்டு. 1751இல் ராபர்ட் கிளைவ் சந்தா சாகிபின் மகனைத் தோற்கடித்தது இங்கேதான். ஐம்பது ஆண்டு கழித்து, கிளைவின் மகன் எட்வர்ட் சென்னை கவர்னர். பாளையக்காரர் போர் அடங்கியதும், 1801 டிசம்பர் 1 அன்று, தென்சீமை மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டுமென்று பிரகடனம் செய்தார். 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் கெடுபிடியை இன்னும் அகலமாக்கியது.

மடக்குக் கத்தி மீது சந்தேகம் விழுந்ததோ இத்தாலியால். பொத்தானை அழுத்தினால் அலகு பாயும் அந்த ஊர்க் கத்திகளை, இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் வாங்கிப் போனார்கள். பத்திரிகைகளும் சினிமாவும் அவற்றை ரவுடிப் பையன்களின் சின்னமாக்கின. 1958இல் அமெரிக்கா மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனும் விற்பனையை நிறுத்தியது.

அதே 1959இல் இந்தியாவும் புது ஆயுதச் சட்டம் இயற்றியது. அதன் விதிகள் பார்ப்பது மடிப்பை அல்ல, அளவை: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் ஆயுதம். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்றே செய்தவை விலக்கு. நியாயமான விலக்கு என்பேன்.

இதற்கிடையே உத்தரப் பிரதேசத்து ராம்பூர் கத்தி, இந்திப் பட வில்லன்களின் கையில் ஏறி நாடெங்கும் பெயர் வாங்கியது. 1980 அக்டோபரில் தில்லி நிர்வாகம் பொத்தான் கத்திகளுக்குத் தனி அறிவிக்கை போட்டது: 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால் உரிமம் வேண்டும். 7.62 எங்கிருந்து வந்தது? சரியாக மூன்று அங்குலம். பழைய அளவு மெட்ரிக் சட்டை போட்டிருக்கிறது. பிரிட்டன் 1988இல் பைக்கத்திக்கு வகுத்த எல்லையும் அதே மூன்று அங்குலம்தான்.

அமெரிக்காவில் கத்திச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே ஆயுதம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் தில்லி அறிவிக்கை தில்லியோடு சரி. ஆரணியில் தறியிலிருந்து சேலை அறுக்கும் கத்தி தொழில் கருவி. அதையே ஒருவர் மீது ஓங்கினால் குற்றவியல் சட்டம் பார்த்துக்கொள்ளும். சேலை வியாபாரத்துக்கு விமானமேறுபவர்கள் மட்டும் பேனாக்கத்தியைக் கைப்பையில் வைக்காமல், சரக்கில் போகும் பெட்டியில் வைக்க வேண்டும்.