வட்டமாக அமர்ந்து வாசித்தல்: கிள்ளான் பள்ளத்தாக்கின் வேதபாடக் குழுக்களும் தமிழும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் எங்கெங்கே வாசிக்கப்படுகிறது என்று கேட்டால் தமிழ்ப்பள்ளி, நாளிதழ், நூலகம் ஆகியவற்றையே பலரும் சொல்வர். கிறித்தவ இல்லத்தின் வரவேற்பறையைச் சொல்பவர் அரிது. வாரத்தில் ஒரு மாலை பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்கின்றனர். ஆளுக்கொரு வசனமாகத் தமிழில் வாய்விட்டு வாசித்து, அதன் பொருளை ஆராய்கின்றனர். இந்த வேதபாடக் குழுவைப் பற்றியே நாம் பேசப் புகுகிறோம். சமயக் கொள்கையை எடைபோடுவது நம் பணியன்று. ஒரு வாசிப்பு முறையின் வரலாறும் அதற்குள் தமிழ் பெற்ற இடமுமே நம் பொருள்.

இம்முறையின் வேர் ஐரோப்பாவில் உள்ளது. 1670இல் பிராங்க்பர்ட் நகரில் பிலிப் யாக்கோபு ஸ்பேனர் என்னும் போதகர் தம் இல்லத்தில் சிறு கூட்டம் ஒன்றைக் கூட்டினார். மறைநூலைக் குருமார் மட்டுமன்றி இல்லறத்தாரும் கூடி வாசித்துக் கலந்துரையாட வேண்டும் என்பதை 1675இல் நூலாகவும் எழுதினார். அவர் வழிவந்த பக்தி இயக்கம் ஹாலே நகரில் ஊன்றியது. அந்த ஹாலேயில் பயின்ற சீகன்பால்கு 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714-15இல் அங்கேயே அச்சேறியது.

மற்றொரு கிளை இங்கிலாந்தினது. 1742இல் பிரிஸ்டல் நகர் மெதடிஸ்டுகள் கட்டடக் கடனை அடைக்க வழி தேடினர். உறுப்பினரைப் பன்னிருவர் கொண்ட வகுப்புகளாகப் பிரித்து, வாரம் ஒரு பென்னி தண்டினர். காசு தண்டச் சென்றவர் நாளடைவில் நலம் விசாரிப்பவரானார். பிறகு ஆன்மிக வழிகாட்டியும் ஆனார். கடன் தண்டலில் தொடங்கிய வழிபாட்டு மரபு உலகில் வேறு உண்டா என்பது நமக்கு ஐயமே.

இவ்விரு கிளைகளும் தமிழ் பேசிச் சந்தித்த இடங்களுள் ஒன்று கோலாலம்பூர். மெதடிஸ்டுப் பணி 1885இல் சிங்கப்பூரில் தொடங்கி வடக்கே பரவியது. இரயில்வே பணிமனையும் ஊழியர் குடியிருப்புகளும் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அருகருகே வாழ்ந்தனர். அங்கே 1924இல் சீயோன் லுத்தரன் ஆலயம் எழுந்தது. கத்தோலிக்கரிடையே இவ்வழக்கம் பிந்தியது. 1976இல் தீபகற்ப மலேசியக் கத்தோலிக்கத் திருச்சபை அண்டையயலார் கூடும் சிறு சமூகங்களுக்கு முதன்மை தந்த பின்னரே அவர்கள் இல்லங்களிலும் இது ஊன்றியது. தமிழகத்தில் இவற்றை அன்பியம் என்பர், அழகிய ஆக்கம்.

இக்குழுக்களில் கையாளப்படும் நூலின் தமிழ் ஒரே தன்மைத்தன்று. சீகன்பால்கு சருவேசுரன் என்றார். பப்ரிசியஸ் பராபரன் என்றார். 1871இல் நிறைவுற்ற ஐக்கியத் திருப்புதல் தேவன் என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் கடவுள் என்கிறது. கத்தோலிக்கர் நற்செய்தி, நோன்பு, திருமுழுக்கு என்று வாசிக்கும் இடங்களில் சீர்திருத்தச் சபையார் சுவிசேஷம், உபவாசம், ஞானஸ்நானம் என்று வாசிக்கின்றனர். ஆதலால் குழுத் தலைவரின் முதற்பணி இறையியல் அன்று, சொற்பொருள் உரைத்தலே. ஒருமணி நேரத்திற்குள் மூன்று தமிழ்கள் புழங்குகின்றன: வசனத்தின் எழுத்துத் தமிழ், உரையாடலின் மலேசியப் பேச்சுத் தமிழ், இரண்டிற்கும் இடைப்பட்ட மன்றாட்டுத் தமிழ். எழுதப் படிக்க மட்டும் அறிந்த மூதாட்டி ஒருவர் மூன்றனுள்ளும் தடுமாறாது சென்று வருவதை நாம் பலமுறை கண்டுள்ளோம். இதை எந்தப் பாடத்திட்டமும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

இளையோர் நிலை வேறு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றோரும் இடைநிலைப்பள்ளியில் மலாய் வழியே கற்கின்றனர். அங்குத் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்குகிறது, சிலருக்கு அதுவும் இல்லை. வாலிபர் குழுவில் ஒருவன் எழுத்துக் கூட்டி வாசித்தால் அறையில் நாணம் பரவுகிறது. தலைவர் இரக்கப்பட்டு ஆங்கில வேதாகமத்தை எடுக்கிறார். பாடல்கள் ரோமன் எழுத்தில் திரையேறுகின்றன. இவ்விரக்கம் நல்லெண்ணத்தால் விளைவதே. ஆயினும் பல இளைஞருக்குத் தமிழை வாய்விட்டு வாசிக்க எஞ்சியிருந்த ஒரே இடம் அவ்வறைதான்.

ஆங்கிலத்துக்குத் தாவுமுன் கைக்கெட்டும் துணை ஒன்று உண்டு. அது மலாய். ஐக்கியத் திருப்புதலின் வடசொற்கள் கடினம் என்பது பொதுக் குறை. தனித்தமிழ் அன்பர் அக்குறையை வன்மையாகவே கூறுவர். ஆனால் மலாய் வழிக் கற்ற மாணவனுக்கு அச்சொற்கள் பல முன்பே அறிமுகமானவை. உபவாசம் அவனுக்குப் புவாசா, நரகம் நெராகா, மனுஷர் மனுசியா, பாஷை பஹாசா. மதுரையில் வளரும் மாணவனுக்கு இல்லாத திறவுகோல் கிள்ளானில் வளர்பவனிடம் இருக்கிறது. அதை அவன் கையில் எடுத்துக் கொடுப்பார் அரிது என்பதே நம் வருத்தம்.

திறவுகோல் எல்லாப் பூட்டுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஜீவன் தமிழ் வேதத்தில் உயிர் அல்லது வாழ்வு. மலாய் ஜீவாவோ பெரிதும் ஆன்மா, உள்ளம் என்னும் பக்கம் சாய்கிறது. சத்தியம் உண்மை, அதே வேரினின்று வந்த செத்தியாவோ பற்றுறுதி. இரண்டையும் ஒன்றென எண்ணுபவன் வசனத்தைத் தவறாகவே கொள்வான். எனினும் அத்தவறு பயனுடையது. உண்மையாயிருத்தலுக்கும் ஒருவரிடம் உண்மையாய் நடத்தலுக்கும் என்ன உறவு என்ற வினா அதனின்றே எழுகிறது. அவ்வினா எழுந்த குழுவில் அன்று பேச்சு வற்றுவதில்லை.

நூலின் முதற்பக்கமே இதற்கு இடம் தருகிறது. ஆதியாகமம் என்னும் தலைப்பைக் கண்டதும், மலாயில் ஆகாமா சமயத்தைக் குறிப்பதால், ‘முதல் சமயமா?’ என்று கேட்கும் மாணவன் உண்டு. தமிழில் ஆகமம் மறைநூல் என்பதையும், சைவரும் அச்சொல்லைத் தம் நூல்களுக்கு வழங்குவதையும், ஒரே சொல் கடல் கடந்து இரு பொருள் கொண்டதையும் தலைவர் விளக்க வேண்டியிருக்கும். அதற்குக் கால்மணி நேரம் போகலாம். பிறகு முதலில் அமர்ந்திருப்பவர் முதல் வசனத்தைத் தமிழில் வாசிக்கத் தொடங்கலாம்.