அண்ணன் தஞ்சாவூர், தம்பி நாகை, தங்கை திருவாரூர்: வீடு மாறாமலே 3 மாவட்டம் பார்த்த குடவாசல்

குடவாசலில் ஒரே தெரு, ஒரே வீடு. 1988-ல் அங்கே அண்ணன் பிறந்தபோது ஊர் இருந்தது தஞ்சாவூர் மாவட்டம். 1993-ல் தம்பி பிறந்தபோது நாகை காயிதே மில்லத் மாவட்டம். 1999-ல் தங்கை பிறந்தபோது திருவாரூர் மாவட்டம். யாரும் வீடு மாறவில்லை. மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது.

ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தில் இருந்த குடவாசல், 18.10.1991-ல் நாகை தனி மாவட்டமானபோது அந்த பக்கம் போனது. ஐந்து வருஷம்தான். 1.1.1997-ல் திருவாரூர் மாவட்டம் உதயமானதும் இங்கே வந்து சேர்ந்தது. மாவட்ட பெயர்களில் இருந்து தலைவர்கள் பெயர் நீக்கப்பட்டதும் அதே 1997-ல்தான். பக்கத்து வலங்கைமானுக்கு அலைச்சல் குறைவு. தஞ்சையில் இருந்து நேராக திருவாரூருக்கு வந்துவிட்டது.

ஆகவே பழைய பத்திரத்தில் ஒரு மாவட்டம், ரேஷன் கார்டில் வேறு மாவட்டம் என்றால் பதற வேண்டாம். எழுதிய தேதியை பாருங்கள். இரண்டுமே சரியாக இருக்கும். இதை கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு புரிய வைப்பதுதான் பெரும்பாடு!

ஓட்டு ஒரு ஊர், தபால் ஒரு ஊர்

குழப்பம் இத்தோடு நிற்கவில்லை. கலெக்டர் ஆபீஸ் திருவாரூரில். சட்டசபைக்கு நன்னிலம் தொகுதி. பாராளுமன்றத்துக்கு நாகப்பட்டினம் தொகுதி. பின்கோடு 612601. இந்த 612 கும்பகோணம் பக்கத்து எண். கும்பகோணமோ இன்னமும் தஞ்சை மாவட்டம்.

கும்பகோணத்துக்கு குடந்தை என்று ஒரு பெயர் இருப்பதால், வெளியூர்க்காரர்கள் குடந்தையையும் குடவாசலையும் ஒன்றாக நினைத்துவிடுவதும் உண்டு. இரண்டு ஊர் தல புராணத்திலும் அமுத குடம் வருகிறது. ஆனால் 'குட' என்றால் பழந்தமிழில் மேற்கு. குடவாயில் என்பது மேற்கு வாசல். சேரமான் கணைக்கால் இரும்பொறையை சோழன் செங்கணான் சிறை வைத்த இடமாக புறநானூற்று குறிப்பு சொல்லும் குடவாயில் கோட்டம் இந்த ஊர்தான் என்பார்கள்.

நடுவில் காரைக்கால்

குடவாசலில் இருந்து நன்னிலம் தாண்டி கிழக்கே போனால் இன்னொரு வேடிக்கை. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், நடுவில் காரைக்கால். அது புதுச்சேரி அரசு. 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு போன ஊர். 1.11.1954-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி முழுமையாக இணைந்தது 16.8.1962-ல்தான். இதே புதுச்சேரியின் மாகே கேரள கரையில், ஏனாம் ஆந்திராவில்.

காரைக்கால் குறுக்கே கிடந்ததால் நாகை மாவட்டமே வடக்கு ஒரு துண்டு, தெற்கு ஒரு துண்டாக இருந்தது. சீர்காழிக்காரர் தன் கலெக்டரை பார்க்க கடற்கரை சாலையில் கிளம்பினால், நடுவில் அடுத்த அரசின் எல்லைக்குள் புகுந்து வெளியே வரவேண்டும். 28.12.2020-ல் மயிலாடுதுறை மாவட்டம் செயல்பட தொடங்கிய பிறகுதான் அவருக்கு அந்த சுற்று மிச்சமானது.