காணும் நேரம் யாருக்கு உரியது?

பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் 1936-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், லண்டன் மாநகரின் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அக்காலத்துக் காட்சி காற்றோடு போவது. நிலையத்தார் குறித்த வேளையில் பெட்டியின் முன் இருந்தவர் கண்டார், இல்லாதவர் இழந்தார். 1950-களிற் கூட, ஞாயிற்றுக்கிழமை காட்டிய நாடகத்தை வியாழக்கிழமை மீண்டும் காட்ட வேண்டுமானால், அதே நடிகர்கள் மறுபடியும் வேடம் புனைந்துகொண்டு நிலையத்துக்கு வருவது வழக்கம். இன்று இணையத்தின் வழியாக, நள்ளிரவிலோ விடியலிலோ, விரும்பிய தொடரை விரும்பியபோது காண்கிறோம். இந்த உரிமை தானாக வந்ததன்று, வழக்காடிப் பெற்றது. அவ்வரலாற்றைச் சிறிது சொல்ல விழைகிறேன்.

காணும் நேரம் நிலையத்தாருக்கே உரியது என்னும் எண்ணம் முன்னாளில் ஆழ வேரூன்றியிருந்தது. இங்கிலாந்தில் 1957 வரை மாலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. குழந்தைகளை உறங்க வைக்கப் பெற்றோருக்கு விடப்பட்ட நேரம் அது. ஐஸ்லாந்தில் 1987 வரை வியாழக்கிழமைகளில் அந்நாட்டுத் தொலைக்காட்சி ஓய்வெடுத்துக்கொண்டது. நம் நாட்டில் நிறுத்துவதால் அன்றிக் காட்டுவதால் இவ்வதிகாரம் விளங்கிற்று. 1987-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் முதல் ஞாயிறுதோறும் காலையில் தூர்தர்ஷன் இராமாயணத் தொடரைக் காட்டியது. இந்தியில் ஒரு சொல்லும் அறியாத பாட்டிமார், கதை தெரிந்தமையால் வசனம் புரியாமலே கண்ணீர் விட்டதை எங்கள் தெருவில் நான் கண்டிருக்கிறேன். பெட்டி இருந்த வீட்டின் கதவு திறந்தே கிடக்கும். வாசலில் செருப்புகள் குவிந்திருக்கும். அந்த ஒருமிப்பு அழகுடையது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த வேளையில் அடுப்படியை விட்டு வர இயலாதவளுக்கும், ஆலையில் முறைவேலைக்குச் சென்றவனுக்கும் இராமன் காட்சி தரவில்லை.

இந்த ஏற்பாட்டை முதலிற் குலைத்தது இணையம் அன்று. ஒரு நாடாப் பெட்டி. ஜப்பான் நாட்டுச் சோனி நிறுவனம் 1975-இல் பீட்டாமாக்ஸ் என்னும் வீடியோப் பதிவுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிலையத்தார் காட்டுவதை வீட்டிலேயே நாடாவிற் பதிந்து வைத்து, பிறகு காணலாம். யூனிவர்சல், டிஸ்னி ஆகிய அமெரிக்கப் படநிறுவனங்கள் இரண்டும் 1976-இல் வழக்குத் தொடுத்தன. எங்கள் படைப்பை எங்கள் இசைவின்றிப் படியெடுப்பது களவு. அதற்குக் கருவி செய்து கொடுத்தவனும் பொறுப்பாளியே என்பது அவற்றின் வாதம். மாவட்ட நீதிமன்றம் 1979-இல் சோனியின் பக்கம் தீர்ப்பளித்தது. 1981-இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு தலைகீழாயிற்று. உச்ச நீதிமன்றம் ஒருமுறை வாதங்களைக் கேட்டு, முடிவு சொல்லாமல், மீண்டும் வாதிடுமாறு பணித்தது. நீதிபதிகளின் மனம் எவ்வளவு ஊசலாடியது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இவ்வழக்கில் என் நெஞ்சைக் கவர்ந்தது ஒரு சாட்சியம். பிரெட் ராஜர்ஸ் என்பவர் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி ஒன்றைப் பல்லாண்டு நடத்தி, அமெரிக்க நாடெங்கும் அன்பைப் பெற்றவர். படைப்பாளர் என்ற முறையில் அவர் படநிறுவனங்களோடு சேர்ந்து நிற்பார் என்றே எவரும் கருதுவர். அவர் சொன்னதோ வேறு. சில நிலையங்கள் தம் நிகழ்ச்சியைக் குழந்தைகள் சிலருக்குப் பயன்படாத நேரத்திற் காட்டுகின்றன. குடும்பத்தினர் அதைப் பதிந்து வைத்து ஏற்ற வேளையில் பிள்ளைகளுக்குக் காட்டுவது அவர்களுக்கு உண்மையான உதவி என்னும் கருத்துப்பட அவர் கூறினார். 1984-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் வெளியான தீர்ப்பு அவருடைய சாட்சியத்தை எடுத்தாண்டிருக்கிறது. வீட்டிலிருப்பவர் தம் வசதிக்காக நேரத்தை மாற்றிக் காண்பது நியாயமான பயன்பாடே என்று ஐந்து நீதிபதிகள் கூறினர், நால்வர் மறுத்தனர். ஒரே ஒருவர் மறுபக்கம் சாய்ந்திருப்பின் கதை வேறாகியிருக்கும்.

இனி இணையத்துக்கு வருவோம். அலைவழி ஒளிபரப்பில் கோபுரம் ஒன்று. அதன் எல்லைக்குள் பத்துப் பேர் கண்டாலும் பத்து லட்சம் பேர் கண்டாலும் கோபுரத்துக்கு உழைப்பு ஒன்றே. யார் காண்கிறார் என்பதும் அதற்குத் தெரியாது. இணைய வழியிலோ, காட்சி சில வினாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டிருக்கிறது. காண்பவரின் கருவி ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்குகிறது. பந்திக்குப் பொதுவாகப் பரிமாறுவது அன்று. ஒவ்வோர் இலைக்கும் தனியே சமைப்பது போன்றது. 2023-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதியாட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே வேளையில் 5.9 கோடிப் பேர் கண்டனர் என்றால், அத்தனை பேருக்கும் தனித்தனியே அனுப்பியாக வேண்டியிருந்தது. கேட்டு வாங்குகிறவர் யார், எந்த இடத்தில் அலுத்து நிறுத்தினார் என்பவையும் அனுப்புகிறவர் அறியத்தக்கன ஆயின.

அமெரிக்காவில் நெட்பிளிக்ஸ் 2007-ஆம் ஆண்டு ஜனவரியில் இம்முறையைத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் பி.பி.சி.யின் ஐபிளேயர் முழு அளவில் வந்தது. ஒளிபரப்பான நிகழ்ச்சியை ஏழு நாள் வரை காணலாம் என்பது அதன் முதல் ஏற்பாடு. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் நெட்பிளிக்ஸ் 'ஹவுஸ் ஆப் கார்ட்ஸ்' தொடரின் பதின்மூன்று பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டபோது, வாரம் ஒன்று என்னும் பழைய கணக்கும் போயிற்று.

ஆனால் நீதிமன்றம் எல்லாவற்றையும் ஏற்றதாகக் கருத வேண்டா. ஏரியோ என்ற நிறுவனம் சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் நாணய அளவில் ஒரு தனி ஆன்டெனாவை வைத்து, நிலையங்களின் ஒளிபரப்பை அதில் ஏற்று இணையத்தில் அனுப்பியது. 2014-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள், இது கேபிள் நிறுவனங்கள் செய்வதைப் போன்றதே, பொதுமக்களுக்கு நிகழ்த்திக் காட்டுவதே ஆகும் என்று ஆறு நீதிபதிகள் கூறினர், மூவர் மறுத்தனர். அவ்வாண்டிலேயே நிறுவனம் நொடித்தது.

ஆக, நேரம் நம் கைக்கு வந்தது. பொருளோ கைவிட்டுப் போயிற்று. நாடா நம் அலமாரியில் இருந்தது. இணையத் தொடர் பிறர் கிடங்கில் இருக்கிறது. 'வில்லோ' என்னும் தொடரை டிஸ்னி நிறுவனம் 2022-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் தன் இணையச் சேவையில் வெளியிட்டது. ஆறு மாதம் நிறையுமுன், 2023 மே மாதத்திலேயே, தானே அதை அங்கிருந்து எடுத்துவிட்டது. வீட்டில் நாடாக்களைப் பதிந்து வைத்தவர்களைக் களவு செய்தோராகக் கூறி வழக்காடிய நிறுவனங்களுள் ஒன்று இது என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நிலையங்கள் மட்டும் காத்து வைத்தனவா என்றால், அதுவும் இல்லை. 1963-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய பகுதிகள் பலவற்றை பி.பி.சி. தானே அழித்தது. நாடா விலை மிகுந்தது. அழித்து மீண்டும் பயன்படுத்தலாம். அழிந்த பகுதிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றின் காட்சி இன்றும் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆயினும் அவை அனைத்தின் ஒலியும் கிடைத்திருக்கிறது. வீடியோக் கருவி வீட்டுக்கு வராத அந்த 1960-களில், இளைஞர் சிலர் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, வீட்டாரைப் பேச வேண்டா என்று சொல்லிவிட்டு, வாரந்தோறும் பதிந்து வைத்திருந்தார்கள்.