மடைப்பள்ளிச் சாவி யாரிடம்?

எங்கள் செய்யூர் பக்கத்தில் ஆடி வந்தால் கூழ் வார்ப்பு, பங்குனி உத்திரம் வந்தால் அன்னதானம். அண்டாக்கள் கொட்டகையில் திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து கரண்டியைப் பிடிப்பார்கள். உதவ வருகிற கையைத் தடுக்க யாருக்கும் மனம் வராது. எனக்கும்தான். ஆனால் சுலவாடியை நினைத்தால் அடிவயிறு கலங்குகிறது.

2018 டிசம்பர் 14. கர்நாடகத்தில், நம் எல்லையை ஒட்டிய சாமராஜநகர் மாவட்டத்துச் சுலவாடியில் மாரம்மன் கோயில் கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டு விழா. பிரசாதமாகக் கொடுத்த சாதத்தைச் சாப்பிட்டு 17 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் கிடந்தார்கள். சாதத்தில் கலந்திருந்தது வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து. மிச்சத்தைக் கொத்திய காகங்களும் செத்ததாகச் செய்தி வந்தது. போலீஸார் பிடித்தது வெளியாட்களை அல்ல, கோயிலோடு தொடர்புடையவர்களையே. நிர்வாகப் பகைதான் காரணம் என்பது அவர்கள் தொடுத்த வழக்கு.

இந்தப் பயம் பழையதுதான். அரசனுக்கு வைக்கும் உணவை முதலில் தீயிலும் பறவைகளுக்கும் இடச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். சமையல் காவலுள்ள இடத்தில் நடக்க வேண்டும், சமைப்பவன் ருசி பார்க்க வேண்டும் என்கிறது. விஷத்தைக் கண்டால் சகோரப் பறவையின் கண் நிறம் மாறிவிடுமாம்! நான் படித்தது பிரெஞ்சு வழியில். வெர்சாய் அரண்மனையிலும் இதே வேலை உண்டு, அங்கே அதற்கு 'எஸ்ஸே' என்று பெயர்.

ருசி பார்ப்பவரால் எல்லாம் தெரிந்துவிடாது. 1984-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ரஜனீஷ் ஆசிரமத்தைச் சேர்ந்த சிலர் உள்ளூர்த் தேர்தலைக் கெடுக்க 10 உணவகங்களில் சால்மொனெல்லா கிருமியைக் கலந்தார்கள். 751 பேர் படுத்துவிட்டார்கள். நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை. இந்தக் கிருமி வயிற்றைப் பிடிக்கப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் பந்தி முடிந்து இலையும் எடுத்தாகிவிடும்.

2016-இல் அமெரிக்கா இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. பெரிய உணவு ஆலைகள், வேண்டுமென்றே ஒருவர் எதையாவது கலக்கக்கூடிய இடம் எது என்று பார்த்து, காவல் திட்டம் எழுதி வைக்க வேண்டும். உள்ளே வேலை செய்பவரே கலக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மூன்றாண்டுக்கு ஒரு முறையாவது, நடுவில் ஏதாவது மாறினால் அப்போதே, திட்டத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் எனக்குப் பிடித்தது. பழைய அறிக்கையில் ஆண்டை மட்டும் திருத்தி மேலே அனுப்பும் வித்தையை அலுவலகத்தில் நிறையவே பார்த்தவன் நான். சமையல்காரர் மாறியிருப்பார், தண்ணீர்த் தொட்டி இடம் மாறியிருக்கும், சாவி நாலு பேர் கைக்குப் போயிருக்கும். காகிதத்தில் மட்டும் எதுவும் மாறியிருக்காது.

நம் கொட்டகைக்கு இத்தனை காகிதம் வேண்டாம். அண்டாவுக்கு மூடி, பூச்சிமருந்து டப்பா அந்தப் பக்கமே வராமை, சமைப்பவர் பெயர் ஒரு நோட்டில், ஒரு பிடிச் சோறு தனியாக எடுத்து வைத்தல், அவ்வளவே. இந்த ஆடிக்கு, கூழ் இறக்கியதிலிருந்து ஊற்றி முடிக்கும் வரை அண்டா பக்கத்தில் இரண்டு பேர் உட்கார வேண்டும் என்று தெருவில் சொல்லியிருக்கிறேன். ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டார். இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.