பின்பால் எந்திரமும் கேரம் பலகையும்: எளிமையின் விலை

புதிய பின்பால் எந்திரங்களை இன்றுள்ளவற்றைவிட எளிமையாகவும் மலிவாகவும் செய்ய முடியுமா என்னும் கேள்வி வழக்கமாகப் பொறியாளர்களிடமே கேட்கப்படுகிறது. எந்த உறுப்பை நீக்கலாம், எந்தப் பொருளுக்கு மாற்று காணலாம் என்று அவர்களும் விடை தருகின்றனர். இந்த எந்திரத்தின் வரலாற்றைப் பார்க்கும்போது, உறுப்புகளுக்கு முன்னால் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி தென்படுகிறது. இதை வாங்குபவர் யார்? ஆடுபவர் தனியாக ஆடுகிறாரா, பலரோடு சேர்ந்தா?

கொச்சியின் மட்டாஞ்சேரியிலிருந்து பார்த்தால் இக்கேள்வி இன்னும் தெளிவாகிறது. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், யூதர், குஜராத்தியர், தமிழர் எனப் பல திசை மக்கள் வந்து தங்கிய துறைமுகப் பகுதி அது. கடல் கடந்து வந்த பொருள்கள் எத்தனையோ அங்கே வேரூன்றின. பின்பால் வேரூன்றவில்லை. மன்றங்களிலும் கடைத் திண்ணைகளிலும் இடம்பிடித்தது கேரம் பலகை. பந்தையோ காயையோ உந்திக் குழியில் சேர்க்கும் ஒரே ஆட்டக் குடும்பத்தைச் சேர்ந்த இவ்விரண்டும் நேரெதிர்த் திசைகளில் வளர்ந்தவை.

பின்பாலின் முன்னோடி பாகடெல். 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் பில்லியர்ட்ஸ் மேசையைச் சுருக்கி, ஆணிகளையும் குழிகளையும் வைத்து உருவான ஆட்டம் அது. 1871இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மாண்டேக் ரெட்கிரேவ் என்பவர், கோலுக்குப் பதிலாகச் சுருள்வில் உந்தி பொருத்திய பாகடெல் பலகைக்குக் காப்புரிமை பெற்றார். பந்தை உந்துவது அத்துடன் ஒரு விரலின் வேலையாயிற்று.

இந்த எளிமையே 1931இல் வணிகமானது. சிகாகோவின் டேவிட் காட்லீப் வெளியிட்ட 'பாஃபிள் பால்' எந்திரத்தின் விலை 17.50 டாலர். மின்சாரமோ கால்களோ இல்லாமல் கடை மேடைமேல் வைக்கத்தக்க பெட்டி அது. 50,000க்கும் மேல் விற்றது. ஓர் ஆட்டத்துக்கு ஒரு சென்ட். எளிய கணக்கு: 1,750 ஆட்டங்கள் முடிந்தால் எந்திரத்தின் விலை திரும்பிவிடும். பொருளாதாரப் பெருமந்த காலத்தில் ஒரு சிறு கடைக்காரர் துணிந்து வாங்கக்கூடிய முதலீடாக அது இருந்தது. அந்த 17.50 டாலர் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 350 டாலர். சிகாகோவின் ஸ்டெர்ன் நிறுவனம் இன்று விற்கும் புதிய எந்திரங்களில் அடிப்படை வகையே ஏறக்குறைய 7,000 டாலர், அதாவது இருபது மடங்கு. ஆட்டத்துக்கு ஒரு டாலர் வாங்கினாலும், பழுதுச் செலவைச் சேர்க்காமலே, முதல் மீள 7,000 ஆட்டங்கள் வேண்டும்.

இடையில் நடந்தவற்றின் வரிசை தெளிவானது. 1933இல் ஹாரி வில்லியம்ஸ் தம் 'கான்டாக்ட்' எந்திரத்தில் மின்காந்தச் சுருளைக் கொண்டு பந்தைத் துள்ளச் செய்தார். 1947இல் காட்லீப் நிறுவனத்தின் ஹாரி மாப்ஸ், 'ஹம்ப்டி டம்ப்டி' எந்திரத்தில் பந்தைத் தட்டித் திருப்பும் ஃபிளிப்பர்களைச் சேர்த்தார். 1970களின் பிற்பகுதியில் மின்னணுச் சுற்றுகள் வந்தன. 1992இல் வெளிவந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி' 20,000க்கும் மேல் விற்றது. ஏழே ஆண்டுகளில், 1999இல், அதைத் தயாரித்த வில்லியம்ஸ் நிறுவனம் பின்பால் தொழிலையே கைவிட்டது. கடைக்காரர்கள் விலகிய இடத்துக்குச் சேகரிப்பாளர்கள் வந்தனர். நாணயம் போட்டு ஆடுபவரின் பொறுமைக்கு ஏற்ப விலை வைத்த காலம் போய், வீட்டுக் கூடத்தில் காட்சிப்பொருள் வேண்டுவோரின் வசதிக்கு ஏற்ப விலை வைக்கும் காலம் வந்தது. திரைப்பட உரிமம், சிற்ப வேலைப்பாடு, திரை, இசை ஆகியவை அவர்கள் கேட்டுப் பெற்றவை.

குறைத்துச் செய்யும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2011இல் விஸ்பேங் என்னும் சிறு நிறுவனம், பழைய மின்–இயந்திரக் கால எந்திரங்களின் சாயலில் 'வோவ் நெல்லி' என்ற ஒற்றைத் தள ஆட்டத்தை உருவாக்கியது. 2015இல் ஸ்டெர்ன் அதை விரிவாக வெளியிட்டது. தோற்றம் எளிமையானது, விலை எளியோருக்கானதாக மாறவில்லை. 2019இல் வீட்டுப் பயன்பாட்டுக்கென உறுப்புகளைக் குறைத்து வந்த 'ஸ்டார் வார்ஸ்' எந்திரமும் 4,500 டாலரைத் தொட்டது. உறுப்புகளைக் கழித்தாலும் மரப்பெட்டி, சுருள்கள், கம்பிகள், கையால் செய்யும் பூட்டுவேலை ஆகியவை எஞ்சுகின்றன. சில நூறோ சில ஆயிரமோ மட்டும் விற்கும் பொருளில் இவற்றின் செலவு இறங்குவதில்லை.

ஜப்பான் வேறு வழியில் சென்றது. அதே பாகடெல் 1920களில் அங்கு சென்றபோது, குறுகிய கடைகளுக்கேற்பச் செங்குத்தாக நிமிர்த்தப்பட்டுப் பச்சிங்கோ ஆயிற்று. மேசை சுவரானதால் ஓர் எந்திரம் நிற்கும் இடத்தில் பல நின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகோயாவின் மசமுரா தாகேயிச்சி வகுத்த ஆணி அமைப்பு, வேறு உறுப்பு எதையும் கூட்டாமலே பந்தின் பாதையைச் சுவைமிக்கதாக்கியது. எளிமையும் செறிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அது சான்று. எனினும் பச்சிங்கோவும் தனியாள் ஆட்டமே. தனியாளைத் தக்கவைக்கும் கட்டாயத்தால், பிற்காலத்தில் அதுவும் மின்னணுத் திரைகளை நாடியது.

பின்பால் ஏன் விலையேறியது என்பதற்கான விடை இந்தத் தனிமையில் இருக்கிறது. முன்பின் அறியாத ஒருவர் கையில் நாணயத்தோடு தனியே நிற்கிறார்; அவருக்கு எதிராளி இல்லை. எதிராளியின் இடத்தை எந்திரம் நிரப்ப வேண்டும். விளக்குகள், மணிகள், பொறிகள் எல்லாம் இல்லாத எதிராளிக்கு ஈடாக வைக்கப்பட்டவை. அந்தச் செயற்கை எதிராளியின் கூலியே எந்திரத்தின் விலை.

கேரம் இந்தக் கூலியைக் கொடுப்பதில்லை. இந்தியாவில் பில்லியர்ட்ஸ் மேசை கிளப்புகளின் சுவர்களுக்குள் வாழ்ந்தது. 1875இல் ஜபல்பூரில் தோன்றி, 1882இல் உதகமண்டலம் கிளப்பில் விதிமுறை பெற்றதாகக் கருதப்படும் ஸ்னூக்கரும் அந்த உலகத்தின் பிள்ளைதான். கனத்த கற்பலகை மேசையைத் திண்ணைக்குக் கொண்டுவர இயலாது. கேரம் பலகையை ஒருவர் அக்குளில் இடுக்கிச் செல்லலாம். ஆடுதளம் 74 சென்டிமீட்டர் சதுரம். ஒன்பது வெள்ளைக் காய்கள், ஒன்பது கறுப்புக் காய்கள், ஒரு சிவப்பு. 15 கிராமுக்கு மிகாத ஒரு ஸ்ட்ரைக்கர். தளத்தின் வழவழப்பைச் சோதிக்கப் பன்னாட்டு விதி கேட்கும் கருவியும் அந்த ஸ்ட்ரைக்கரே: முழு விசையில் அடித்தால் அது குறைந்தது மூன்றரை முறை போய்வர வேண்டும். மழைக்காலத்து ஈரக்காற்றில் தளம் மந்தப்பட்டால் ஒரு சிட்டிகைப் பொடி போதும். அதே காற்று பின்பாலின் மின்தொடர்புகளை அரித்தால் தேர்ந்த தொழிலாளி வேண்டும். கேரத்தில் சிக்கல் முழுவதும் விரலிலும் எதிரே அமர்ந்திருப்பவரின் மூளையிலும் இருக்கிறது, இரண்டும் இலவசம்.

அரசியல் பொருளாதாரமும் இதற்குத் துணை நின்றது. நுகர்பொருள் இறக்குமதிமீதான அளவுக் கட்டுப்பாடுகள் இந்தியாவில் 2001 வரை நீடித்தன. கேளிக்கை எந்திரங்களுக்கு அந்நியச் செலாவணி எளிதில் கிடைக்கும் காலமன்று அது. சட்டத்தின் பார்வையும் முக்கியம். நியூயார்க் நகரம் பின்பாலைச் சூதாட்டமாகக் கருதி 1942இல் தடைசெய்தது. 1976இல் நகரமன்றத்தின் முன் ரோஜர் ஷார்ப் பந்தின் பாதையை முன்கூட்டிச் சொல்லி அடித்துக் காட்டிய பிறகே அது திறனாட்டமாக ஏற்கப்பட்டது. திறன் மேலோங்கும் போட்டி சூதாட்டம் ஆகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1957லேயே வகுத்தது. கேரத்தின் திறன் கண்முன்னே தெரிவது. அதற்கு ஒரு ஷார்ப் தேவைப்படவில்லை.

மலிவு யாருக்குக் கதவைத் திறக்கிறது என்பதே இங்கு உண்மையான பந்தயப் பொருள். பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில் தோன்றியது. சென்னையின் மரிய இருதயம் 1991லும் 1995லும் உலக வாகையர் ஆனார். 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வடசென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். 7,000 டாலர் எந்திரத்தைச் சுற்றி வளரும் ஓர் ஆட்டத்தில் இப்படியொரு வாழ்க்கைப் பாதை அமைவது கடினம்.

ஆகவே எளிய பின்பால் செய்ய முடியுமா? செய்பொருளைப் பொறுத்தவரை தடையில்லை. எர்ணாகுளம் மாவட்டத்துப் பெரும்பாவூர் கேரளத்தின் ஒட்டுப்பலகைத் தொழில் மையம்; பின்பாலின் ஆடுதளமும் ஒட்டுப்பலகைதான். களமசேரியின் ஃபேப் லேப் போன்ற பட்டறைகளில் பலகை வெட்டவும் சிறு மின்சுற்று அமைக்கவும் வசதி உண்டு. இரண்டு ஃபிளிப்பர்கள், ஓர் உந்தி, ஆணிகள், எண்ணிக்கை காட்டும் ஒரு சிறு பலகை என்ற அளவில் நிறுத்தினால் 1947க்கு அருகில் நிற்கும் ஓர் எந்திரம் கிடைக்கும்.

அதை வாங்க யார் இருக்கிறார் என்பதே மீதிக் கேள்வி. தனி மனிதரை ஈர்க்க வேண்டிய வணிகக் கூடத்துக்கு அது போதாது, சேகரிப்பாளருக்கும் போதாது. கேரளத்தின் கிராம நூலகங்களும் கலை–விளையாட்டு மன்றங்களும் கேரம் பலகையைப் பொதுச்சொத்தாக வாங்கிப் பேணுவதுபோல் அதையும் வாங்கினால் நிலை மாறும். அங்கே ஒருவர் ஆடும்போது நால்வர் சூழ்ந்து நின்று கணக்கு வைப்பர், கேலி செய்வர், அடுத்த முறைக்குக் காத்திருப்பர். எதிராளியும் பார்வையாளரும் முன்னமே அங்கிருப்பதால், அவர்களுக்கு ஈடாக எந்திரத்துக்குள் எதையும் திணிக்க வேண்டியதில்லை.