கவலைப் பறியும் குரோம் தோலும்

தினமும் மின்சார ரயிலில் குரோம்பேட்டையைக் கடப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் குரோம் ஒரு உலோகம் என்று தெரியும்? சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரம் பக்கம் நடத்திய குரோம் லெதர் கம்பெனியின் மிச்சம் அந்தப் பெயர். இந்தத் தொழில்முறை சென்னை மாகாணத்தில் காலூன்றிய கதையில் கவலைக் கிணற்றுக்கு ஒரு பங்குண்டு.

இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து பறி மேலே வரும். அதன் அடியில் தைத்த நீண்ட தோல்வாலை எங்கள் கொங்குப் பக்கம் தும்பி என்பார்கள். வால்கயிறு அதை மடக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் தும்பி நீண்டு வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். ஆள் கையை வைக்க வேண்டியதில்லை. அருமையான பொறி!

அதைத் தைத்தவர்கள் அருந்ததியர். செத்த மாட்டைத் தூக்குவது, தோலை உரித்துச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்குவது, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்துவது, வாரால் தைப்பது, கிழிந்தால் ஓடிவந்து ஒட்டுப்போடுவது எல்லாம் அவர்கள் வேலை. கூலி, அறுவடைக் களத்தில் அளந்து கொடுக்கும் தானியம். அவர்கள் தைத்த பறியில் வந்த தண்ணீர் எல்லா வயலுக்கும் பாய்ந்தது. அதே கிணற்றில் இறங்கி ஒரு குடம் மொள்ள அவர்களுக்கு அனுமதியில்லை. இதை யாரும் முரணாக நினைத்ததாகத் தெரியவில்லை.

பறி தைத்த ஒரு பெரியவரிடம் பராமரிப்பைப் பற்றிக் கேட்டேன். "காஞ்சா வெடிச்சுப் போயிரும் கண்ணு, ஈரத்துலயே கெடந்தா அழுகிப் போயிரும். ரெண்டுக்கும் நடுவுல வெச்சுக் காப்பாத்தோணும். வெளக்கெண்ணெயப் போட்டு நல்லாத் தேய்க்கோணும்" என்றார். வேதியியலும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. பட்டையின் துவர்ப்புச் சத்து தோலின் புரதத்தோடு பிணைந்து அழுகலைத் தடுக்கிறது. ஓயாமல் தண்ணீரில் முங்கினால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறிவிடும். குரோமியம் உப்பின் பிணைப்பு அவ்வளவு லேசில் விடாது.

ஆல்பிரட் சாட்டர்டன் இதைப் பிடித்துக்கொண்டார். பொறியாளர், சென்னைக் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தவர். 1903 வாக்கில் அவர் மேற்பார்வையில் நடந்த குரோம் சோதனைகளின் நோக்கங்களில் ஒன்று, தண்ணீரில் நீடித்து உழைக்கும் கவலைத் தோல். நோக்கம் நல்லதுதான். ஆனால் தொட்டியும் உப்பும் முதலும் வேண்டும் தொழில் அது. ஊர்க்கோடியில் பானையும் ஆவாரம்பட்டையும் வைத்துச் செய்கிற வேலையல்ல.

வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய அதே ஆண்டுகளில் ஆயில் இன்ஜின் வைத்துக் கிணற்று நீரை இறைக்கச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவரும் சாட்டர்டனேதான். பறிக்கு ஆயுள் கூட்டிய கையே அதன் எமனையும் அழைத்து வந்தது. எமன் வந்துசேர அரை நூற்றாண்டு பிடித்தது. மின்சார மோட்டார் பரவிய பிறகுதான் கவலை ஓய்ந்தது.

"மோட்டாரு வந்துச்சு, பறி நின்னுச்சு. களத்துல அளந்து குடுத்த சோளமும் நின்னுச்சு" என்றார் பெரியவர். "கெணத்துல எறங்கக் கூடாதுங்கறது மட்டும் அதுக்கப்புறமும் கொஞ்ச காலம் இருந்துச்சு."